சுமக்க மறுத்த கரங்கள்

தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக உலகத் தொழிலாளர் நடத்திய போராட்டம்

1984-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஹென்றி வீதியிலுள்ள டன்ஸ் ஸ்டோர்ஸ் என்னும் பெரிய அங்காடியின் கல்லாவில் அமர்ந்திருந்த மேரி மானிங் என்ற இருபத்தொரு வயதுப் பெண், வாடிக்கையாளர் ஒருவர் தம் முன்னே எடுத்து வைத்த இரண்டு கிரேப்புரூட் பழங்களுக்கு விலை போட மறுத்தார். அந்தப் பழங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை; வெள்ளையரல்லாதாரை மனிதராகவே மதியாத ஓர் அரசின் நாட்டிலிருந்து வரும் சரக்கைத் தன் அங்கத்தினர் எவரும் கையாளலாகாது என்று அவர் சேர்ந்திருந்த தொழிற்சங்கம் தீர்மானித்திருந்தது; அந்தத் தீர்மானத்துக்கு அவர் கட்டுப்பட்டார், அவ்வளவுதான். நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. உடனே, சங்கப் பிரதிநிதியான கேரன் கியரன் என்ற இளம்பெண்ணும் மற்றச் சக ஊழியர் சிலரும் அவருடன் கடையை விட்டு வெளியேறி, வாயிலில் மறியலுக்கு நின்றனர்.

பத்துப் பேர் அளவிலான அந்தச் சிறு கூட்டம், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள், ஒருசில நாட்களில் இது முடிந்துவிடும் என்றே எண்ணியிருந்தது. மறியலோ இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வாரத்துக்கு 21 பவுன் வேலைநிறுத்தப் படியைக் கொண்டு அவர்கள் வீட்டு வாடகையும் கடனும் கட்டி, வழிப்போக்கர் சிலருடைய ஏச்சையும் கேட்டுக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நின்றனர். தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தொடக்கத்தில் அவர்கள் அறிந்திருந்தது சொற்பம். அந்நாட்டிலிருந்து வெளியேற நேர்ந்து டப்ளினில் வாழ்ந்த நிம்ராட் செஜாகே என்ற கறுப்பினத் தொழிற்சங்கவாதி, 1956-ஆம் ஆண்டின் ராஜத்துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், ஒருநாள் அவர்களோடு வந்து நின்றார்; பிறகு தொடர்ந்து வரலானார்; அந்தக் கடை வாசலே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. 1984 டிசம்பரில், நோபல் சமாதானப் பரிசு பெறச் செல்லும் வழியில் லண்டனில் தங்கிய பிஷப் டெஸ்மண்ட் டூட்டு அவர்களைச் சந்தித்தார். அவருடைய அழைப்பின்பேரில் அடுத்த ஆண்டு ஜோஹன்னஸ்பர்க் சென்றபோது, அவர்களை விமான நிலையத்தை விட்டு வெளியே வரவிடாமல் காவலில் வைத்துத் திருப்பி அனுப்பியது அந்த அரசு. கடை வாசலில் நின்ற இளம்பெண்களைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சியது என்ற செய்தி அயர்லாந்து முழுவதும் பரவியதும், அதுவரை பாராமுகமாக இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தனர். 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது.

நிறவெறியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வல்லரசுகளின் பொருளாதாரத் தடைகளையும், ராஜதந்திரிகளின் பேச்சுவார்த்தைகளையும், சிறையிலிருந்து வெளிவந்த மாபெரும் தலைவர் நெல்சன் மண்டேலாவின் புன்னகையையும் நினைவூட்டுகின்றனர். அவை யாவும் உண்மையே. ஆயினும், மேலைநாட்டு அரசாங்கங்களுக்குத் தடைவிதிக்க மனம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, தம் அன்றாட ஜீவனோபாயத்தைப் பணயம் வைத்துத் தடைவிதித்தவர்கள் கடைச் சிப்பந்திகளும், கப்பல் சரக்கு இறக்குவோரும், தொழிற்சாலை ஊழியர்களும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வேலைநிறுத்தம் குற்றமாக இருந்த நாடு

தென்னாப்பிரிக்காவின் செல்வம் தங்கச் சுரங்கங்களிலிருந்து எழுந்தது. அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கியவர் கறுப்பினத்தவர். அவர்களுடைய உழைப்பு மலிவாகக் கிடைக்க வேண்டும், அவர்களுடைய குரலோ ஒருபோதும் எழக்கூடாது என்பதே அந்நாட்டுச் சட்டங்களின் உள்ளக்கிடக்கை. 1924-ஆம் ஆண்டுத் தொழில் சமரசச் சட்டம், நடமாடுவதற்கான அனுமதிப் புத்தகம் சுமந்து திரிய வேண்டிய ஆப்பிரிக்கரைத் தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. எனவே அவருடைய சங்கம் எதனோடும் பேச்சு நடத்த வேண்டிய கடமை எந்த முதலாளிக்கும் இல்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வதையே குற்றமாக்கியது.

சட்டம் இவ்விதம் இருக்க, அடக்குமுறை எவ்விதம் இருந்தது என்பதற்கு 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சாட்சி. ஒரு நாளைக்குப் பத்து ஷில்லிங் கூலி கேட்டு, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர், ஜே. பி. மார்க்ஸ் என்பாரின் தலைமையில் வேலையை நிறுத்தினர். போலீஸ் படை அவர்களை அடித்தும் சுட்டும் சுரங்கத்துக்குள் திரும்ப விரட்டியது. ஒன்பது பேராவது உயிரிழந்தனர். ஒரு வாரத்துக்குள் யாவும் ஒடுங்கிற்று. அதே 1946-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலவுரிமையைப் பறிக்கும் சட்டம் நிறைவேறியதைக் கண்டித்து, இன்னும் பூரண சுதந்திரம் பெற்றிராத இந்தியா அந்நாட்டுடன் வாணிபத்தைத் துண்டித்துக்கொண்டது என்பதும், உலகில் அவ்விதம் செய்த முதல் நாடு அதுவே என்பதும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கவை.

1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியை அரசியல் தத்துவமாகவே பிரகடனம் செய்தது. 1955-இல், நிறம் பாராமல் எல்லாத் தொழிலாளரையும் இணைக்கும் லட்சியத்தோடு தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஸ்தாபிக்கப்பட்டது. ‘சாக்டு’ என்று சுருக்கமாக வழங்கிய அந்த ஸ்தாபனத்தை அரசு பெயரளவில் தடைசெய்யவில்லை. அதன் ஊழியர்களை ஒவ்வொருவராகச் சிறையிலிட்டும், வீட்டுக் காவலில் வைத்தும், நாட்டை விட்டு ஓடச் செய்தும் அதை உருக்குலைத்தது. போர்ட் எலிசபெத் நகரின் தொழிலாளரிடையே சங்கம் கட்டியவரும், போராட்டப் பாடல்கள் இயற்றியவருமான வுயிசிலே மினி, தம் தோழர் இருவருடன் 1964 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். பாடிக்கொண்டே அவர் தூக்குமேடைக்குச் சென்றதாக உடன் சிறையிருந்தோர் கூறினர். டர்பனில் சங்கப் பணி புரிந்த இந்திய வம்சாவளியினரான பில்லி நாயர், ராபன் தீவுச் சிறையில் இருபது ஆண்டுகளைக் கழித்து 1984-இல்தான் வெளிவந்தார்.

டர்பன் எழுப்பிய அலை

இந்த இருளில் ஒரு தலைமுறை கழிந்தது. வாய் திறக்க அஞ்சிய அந்த மௌனத்தைக் கலைத்தது, 1973 ஜனவரி 9-ஆம் தேதி காலை, டர்பன் நகரத்தின் கொரனேஷன் செங்கல், ஓடு தொழிற்சாலையில் சுமார் 2,000 பேர் வேலைக்குச் செல்ல மறுத்து மைதானத்தில் கூடிய செயலே. அங்கிருந்து துணி ஆலைகளுக்கும், துறைமுகத்துக்கும், நகரசபைத் தொழிலாளரிடமும் வேலைநிறுத்தம் பரவிற்று. மூன்று மாதங்களுக்குள் அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் பங்கு கொண்டனர். உங்கள் பிரதிநிதிகளைப் பேச்சுக்கு அனுப்புங்கள் என்று முதலாளிகள் கேட்டபோது, பல இடங்களில் தொழிலாளர் எவரையும் அனுப்ப மறுத்துவிட்டனர். முன்னே வந்து நிற்பவன் மறுநாள் சிறையில் இருப்பான் என்பதை முந்திய தலைமுறையின் கதியிலிருந்து அவர்கள் கற்றிருந்தார்கள். தலைவர் இல்லாத கூட்டத்தைக் கைதுசெய்ய அரசுக்கு வகை தெரியவில்லை. கூலி சிறிதேனும் உயர்ந்தது. அதனினும் மேலாக, ஒன்றுபட்டால் ஆகும் என்ற நம்பிக்கை பிறந்தது. புதிய சங்கங்கள் முளைத்தன. 1979-இல், வீஹான் விசாரணைக் குழுவின் அறிக்கையை ஏற்று, ஆப்பிரிக்கரின் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தர அரசு நிர்ப்பந்திக்கப்பட்டது.

வெளிநாட்டினரின் துணையைப் பற்றி எழுத முற்படும் நான், இந்த உள்நாட்டுக் கதையை இவ்வளவு விரித்துரைக்கக் காரணம் உண்டு. பிறர் வந்து மீட்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு உலகம் இரங்கியிருக்கலாம். ஆனால், தாமே எழுந்து நின்றவர்களுக்குத்தான் உலகத் தொழிலாளர் தோள் கொடுக்க முடிந்தது.

நங்கூரமிட்ட கப்பல்

சர்வதேசப் பகிஷ்காரத்துக்கு அடிகோலியவர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவரான ஆல்பர்ட் லுத்துலி. தம் நாட்டுப் பொருள்களை வாங்காதீர் என்று அவர் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து 1959-இல் லண்டனில் ஓர் இயக்கம் தோன்றியது; அதற்கடுத்த மார்ச் மாதத்தில் நடந்த பகிஷ்காரத்துக்குப் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸும் ஆதரவு தந்தது. ஆயின், வாங்குவோர் மறுப்பதினும் கடினமானது உழைப்போர் மறுப்பது. வாங்குபவர் வேறொரு பழத்தை வாங்கிக்கொண்டு வீடு செல்லலாம்; சரக்கை இறக்க மறுக்கும் தொழிலாளியோ தன் கூலியையும், சில வேளை வேலையையுமே இழக்கிறான்.

அந்தக் கடினத்தை ஏற்றவர்களில் முன்வரிசையில் நிற்போர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர். அவர்களுடைய பத்தாவது கிளைச் சங்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்தனர். 1962-லேயே தென்னாப்பிரிக்கச் சரக்கை இறக்க மறுத்த பாரம்பரியமும் அவர்களுக்கு இருந்தது. 1976-இல் சொவெட்டோவில் பள்ளிச் சிறுவர் சுடப்பட்ட பின், லியோ ராபின்சன் முதலானோர் தென்னாப்பிரிக்க விடுதலைக்குத் துணை நிற்க ஒரு குழு அமைத்துச் சக தொழிலாளரிடையே பல்லாண்டு பிரசாரம் செய்தனர். அதன் பலன் 1984 நவம்பர் 24-ஆம் தேதி தெரிந்தது. நெட்லாயிட் கிம்பர்லி என்ற கப்பல் எண்பதாவது துறையில் வந்து நின்றபோது, அதிலிருந்த மற்றச் சரக்குகள் அனைத்தையும் முறைப்படி இறக்கிய தொழிலாளர், தென்னாப்பிரிக்கச் சரக்கை மட்டும் தொடாமல் விட்டுவிட்டனர். பதினொரு நாட்கள் அச்சரக்கு கப்பலிலேயே கிடந்தது. நாள்தோறும் நகர மக்கள் துறைமுக வாயிலில் திரண்டனர். இறுதியில் நீதிமன்றத் தடையுத்தரவும், சங்கத்தையே திவாலாக்கக்கூடிய அபராத அச்சுறுத்தலும் வந்த பின்னரே சரக்கு இறங்கியது.

பதினொரு நாளில் என்ன சாதித்தார்கள் என்று வினவுவோருக்கு, அதன்பின் அப்பிரதேசத்தில் நிகழ்ந்தவையே விடை. மாணவர்களும், தேவாலயங்களும், நகரசபைகளும் துறைமுகத் தொழிலாளரைப் பின்தொடர்ந்தனர்; 1986-இல், தென்னாப்பிரிக்காவில் வியாபாரம் புரியும் நிறுவனங்களிலிருந்து தன் பெருமுதலீட்டை மீட்டுக்கொள்ளக் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது; அதே ஆண்டு அக்டோபரில், ஜனாதிபதி ரீகனின் மறுப்பாணையையும் புறந்தள்ளி அமெரிக்கக் காங்கிரஸ் நிறவெறி எதிர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1990 ஜூன் 30-ஆம் தேதி ஓக்லாந்து அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய நெல்சன் மண்டேலா, அந்தத் துறைமுகத் தொழிலாளரின் சங்கத்தைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து நன்றி தெரிவித்தார்.

இதே மனவுறுதி வேறு பல நாடுகளிலும் வெளிப்பட்டது. அமெரிக்காவின் போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த கரோலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரு கறுப்பின ஊழியர்கள், தங்கள் கம்பெனியின் புகைப்படச் சாதனம் தென்னாப்பிரிக்காவின் அனுமதிப் புத்தகங்களுக்குப் பயன்படுவதை 1970-இல் கண்டுபிடித்துக் கிளர்ச்சி தொடங்கினர். ஹண்டர் வேலை இழந்தார். ஏழாண்டுகளுக்குப் பின் கம்பெனி அந்நாட்டைவிட்டு வெளியேறியது. 1971-இல் வெள்ளையர் மட்டுமே கொண்ட தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது, அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பின்னாளில் பிரதமரான பாப் ஹாக்கின் தலைமையில், அச்சுற்றுப்பயணத்தை எதிர்த்து நின்றது. எண்ணெய்க் கப்பல்கள் ரகசியமாகத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்வதை அம்பலப்படுத்த, பிரிட்டன், டென்மார்க், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மாலுமிச் சங்கங்கள் எண்பதுகளில் கைகோத்தன.

ஜெனீவா மன்றமும் ஒற்றுமையின் சிக்கல்களும்

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1964-இல் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்துப் பிரகடனம் செய்தது. தென்னாப்பிரிக்கா அந்த ஸ்தாபனத்தைவிட்டு விலகியது. அதன்பின் ஆண்டுதோறும் அந்நாட்டுத் தொழிலாளரின் நிலையைப் பற்றிய விசேஷ அறிக்கையொன்று ஜெனீவா மகாநாட்டின் முன் வைக்கப்பட்டது. 1973 ஜூனில் அதே நகரில் நிறவெறிக்கு எதிரான சர்வதேசத் தொழிற்சங்க மகாநாடு கூடியபோது, உலக அரசியலில் எதிரெதிர் முகாம்களாக நின்ற சங்கங்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தன.

இந்த ஒற்றுமை எளிதாக வந்ததென்று சொல்வது சரித்திரத்துக்கு நியாயம் செய்வதாகாது. கம்யூனிஸ்டுச் சார்புச் சங்கங்களும் மேலைநாட்டுச் சங்கங்களும் ஒன்றையொன்று சந்தேகித்தன. நாடுகடந்து வாழ்ந்த சாக்டு தலைவர்கள், உள்நாட்டுச் சங்கங்களோடு வெளிநாட்டார் நேரடித் தொடர்பு கொள்வதை விரும்பவில்லை. அத்தொடர்பு இயக்கத்தைப் பிளந்து, நிறவெறி அரசுக்கு மரியாதை தேடித் தரும் என்று அஞ்சினர். உள்ளே புதிதாக எழுந்த சங்கங்களோ, தம் ஆலையின் முதலாளி பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கையில், அந்நாட்டுத் தொழிலாளரோடு நேரே கைகோத்தால்தான் அம்முதலாளியை வழிக்குக் கொண்டுவர முடியும் என்று வாதாடின. இரு தரப்பிலும் நேர்மை இருந்தது. அனுபவமோ இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்ந்தது: ஜெர்மானிய உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால், அவசரகாலச் சட்டங்களைத் தொழிலாளர்மீது பயன்படுத்தாதிருத்தல் உள்ளிட்ட 14 அம்சக் கோரிக்கையை 1988-இல் முன்வைத்து, தென்னாப்பிரிக்காவில் ஆலை நடத்திய ஜெர்மன் கம்பெனிகள் சிலவற்றை அதற்கு இணங்க வைத்தது.

மற்றொரு சிக்கல் இதனினும் வேதனை தருவது. பகிஷ்காரத்தால் முதலில் பசிப்பவன் கறுப்பினத் தொழிலாளியே என்று தடையை எதிர்த்தோர் ஓயாமல் கூறினர். அந்தத் தொழிலாளரின் சங்கங்கள் இதை அறியாதவை அல்ல. 1986 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு விலகுவதாக அறிவித்தபோது, போர்ட் எலிசபெத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்: போவதானால் போங்கள், எங்களைக் கலந்து பேசி, எங்களுக்குரிய ஈட்டுத்தொகையையும் ஓய்வூதியப் பணத்தையும் தந்துவிட்டுப் போங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கம்பெனியோ ஆலையை உள்ளூர் நிர்வாகிகளிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றது. தடையின் சுமையை யார் தாங்குவது என்ற வினாவை, அதைத் தாங்க வேண்டியவர்களே முடிவு செய்தார்கள், தாங்குவோம் என்றார்கள். பிறருடைய பசிக்காக இரங்குவதாகச் சொல்லிக்கொண்டு அநீதியோடு வியாபாரம் நடத்தியவர்களுக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை.

கொடுக்கவும் அறிந்தவர்கள்

1985 டிசம்பர் 1-ஆம் தேதி, அதே டர்பன் நகரில், 33 சங்கங்களும் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரும் சேர்ந்த மாபெரும் கூட்டமைப்பு உதயமாயிற்று. அதுவே ‘கோசாட்டு’ என வழங்கும் தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கங்களின் காங்கிரஸ். அதன் முதல் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜெய் நாயுடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளரின் வழிவந்த ஒருவர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரைக் கொண்ட அந்த மகத்தான ஸ்தாபனத்தின் செயலாளராக எட்டாண்டு பணியாற்றினார் என்பது, நிறவெறி போட்ட வேலிகளைத் தொழிலாளர் எவ்வளவு தூரம் தாண்டியிருந்தனர் என்பதற்கு அத்தாட்சி. 1913-இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் காந்தியடிகளின் அழைப்புக்கு வேலைநிறுத்தம் செய்த தமிழ்க் கூலிகளின் தியாகம் அம்மண்ணில் வீண்போகவில்லை.

1987 மே மாதத்தில் கோசாட்டு தலைமையகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அது பாதுகாப்புப் போலீஸாரின் வேலை என்பது பிற்காலத்தில் உண்மை அறியும் ஆணையத்தின் முன் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், சிரில் ராமபோசா செயலாளராயிருந்த சுரங்கத் தொழிலாளர் சங்கம் மூன்று வாரம் நடத்திய வேலைநிறுத்தத்தில், சுமார் 50,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். இத்தகைய அடிகளைத் தாங்கியும் அந்தச் சங்கங்கள் நிலைத்து நின்றதற்கு, ஐரோப்பிய நாடுகளின் தொழிற்சங்கங்கள் அனுப்பிய வழக்குச் செலவும், சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கான உதவியும் துணை செய்தன.

பெற்றவர்கள் பெற்றதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஃப்ரீஹோல்டு என்னும் ஊரிலிருந்த த்ரீ-எம் கம்பெனியின் ஆலை மூடப்படவிருந்தது. 1986 பிப்ரவரி இறுதியில், அதே கம்பெனியின் தென்னாப்பிரிக்க ஆலையில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர், கண்ணால் கண்டிராத அந்த அமெரிக்கத் தோழர்களின் வேலைக்காகத் தங்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். நெருக்கடிக் காலத்தில், எந்நேரமும் கைதாகக்கூடிய நிலையில், உரிமையற்றவர்கள் உரிமையுள்ளவர்களுக்காகச் செய்த வேலைநிறுத்தம் அது. அவர்களுடைய தலைமைச் சங்கப் பிரதிநிதியான ஆமன் மசானே ஃப்ரீஹோல்டு சென்று திரும்பிய பின் சிறைப்பட்டபோது, அவருடைய விடுதலைக்காகக் குரல் எழுப்பியவர்களில் அந்த நியூ ஜெர்சித் தொழிலாளரும் இருந்தனர். சகோதரத்துவம் என்பது ஒருவழிப் பரோபகாரம் ஆகாமல், இருபாலும் ஓடும் உறவானது இவ்வாறுதான்.

நாம் பெறும் பாடம்

1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார்; 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் எல்லா மக்களும் முதன்முறையாக வாக்களித்தனர்; அவ்வாண்டே அந்நாடு சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்துக்குத் திரும்பியது. 2008 ஏப்ரலில், ஜிம்பாப்வே அரசுக்கு ஆயுதங்கள் ஏற்றிவந்த சீனக் கப்பலொன்று டர்பன் துறைமுகத்தை அணுகியபோது, அண்டை நாட்டு மக்கள்மீது பாயக்கூடிய குண்டுகளை நாங்கள் இறக்கமாட்டோம் என்று அந்நகரத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் மறுத்துவிட்டது. கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பிச் சென்றது. ஒருகாலத்தில் தமக்காகப் பிறர் செய்ததை, முறை வந்தபோது பிறருக்காக அவர்கள் செய்தனர்.

தொழிற்சங்கம் என்றால் போனஸ் கேட்பதற்கும் பஞ்சப்படி கேட்பதற்கும் உரிய ஓர் ஏற்பாடு என்று கருதுவோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். கூலியைக் கேட்பது நியாயமே. அதற்கென்றே சங்கம் தோன்றிற்று. ஆனால் தன் கூலியை மட்டுமே கேட்கும் சங்கம், அதே கூலியைப் பறிக்க வருபவன் முன் ஒருநாள் தனித்து நிற்க நேரும். நிறவெறியை எதிர்த்த தொழிலாளர் தீர்மானம் எழுதியதோடு திருப்தியடையவில்லை. எழுதியதற்கு விலையும் கொடுத்தார்கள், சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். இன்று நம் நாட்டுத் துறைமுகங்களிலும், ஆலைகளிலும், கணினி நிலையங்களிலும் உழைக்கும் ஒவ்வொருவரும் தம் கை வழியே கடந்து செல்லும் பொருள் எங்கே செல்கிறது, யாரை வதைக்கப் போகிறது என்று கேட்க உரிமை படைத்தவர். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு படைத்த சங்கங்களைக் கட்டுவதே, சிறையிலும் தூக்குமேடையிலும் மறியல் வாசலிலும் நின்ற அந்த மனிதர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி.